பதினோரு மீன்களுக்கு ஒரு மறைவு

எட்டாவது கொலை காலை ஆறு பத்துக்கு நடந்தது. பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். கையில் பிரஷ், வாய் நிறைய நுரை, கத்தவும் வழியில்லை. வீட்டுப் பின்னாலிருக்கும் எங்கள் குளத்தில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கின் கழுத்து நீண்டது, சுருங்கியது. தொண்டையில் ஒரு சிறு மேடு நிதானமாகக் கீழே இறங்கிப் போனது. பத்தொன்பது மீனில் இனி பதினொன்றுதான் மிச்சம்.

என் மனைவி தினமும் எண்ணிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். அவளிடம் மறைக்க முடியாது.

"ஞாயித்துக்கிழமை மிச்சத்தைப் பிடிச்சு க்ளினிக் தொட்டில விட்டுடறேன்," என்றாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். அங்கே கண்ணாடித் தொட்டி ஒன்று டியூப்லைட்டோடு காலியாக இருந்தது. "அங்க அழகு இல்லதான். உசுரு இருக்கும்."

குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து அவள் எழுந்து நடந்த முதல் தூரம், பின்கதவிலிருந்து அந்தக் குளம் வரைக்கும். இருபத்திரண்டு அடி. நகத்தளவு இருந்த குஞ்சுகளை அங்கே உட்கார்ந்துதான் வளர்த்தாள். மீன்கள் போய்விட்டால் பின்கதவை அவள் திறக்கவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் தங்கையை வரவழைத்தேன். என் கொழுந்தியாள் குழாய் வேலை செய்பவள். சொந்த வேன், சொந்த ஏணி, எவரையும் அதட்டும் வாய். வந்தவள் கருவி எதையும் இறக்கவில்லை. நேராகக் குளக்கரைக்குப் போனாள். ஓர் அறை அளவுதான் குளம். நான்கு பெரிய மரங்களுக்கு நடுவே, உச்சிவேளையில் மட்டும் கொஞ்சம் வெயில் விழும். கொக்கு நிற்கிற இடத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே குப்புறப் படுத்தாள். கன்னத்தில் சேறு. தலையை மட்டும் கொக்கின் உயரத்துக்குத் தூக்கி, கால் மணி நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பூட்டை உடைக்காமல் திறக்கிறவன் பூட்டைப் பார்ப்பானே, அப்படி.

"அடி வரைக்கும் தெரியுது. யாரு கழுவுனது?"

"நான்தான். வாராவாரம் இலையெல்லாம் அரிச்சு எடுத்து, கல்லுல பாசியத் தேச்சு..."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஒரு விரல்ரேகை இருந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது.

"கொக்குக்கு நீங்கதான் கண்ணாடி போட்டு விட்டிருக்கீங்க மாமா."

கரையில் முள்வேலி கட்டி, பொம்மை நிறுத்தி, மணி தொங்கவிடும் என் திட்டத்தை எடுத்துச் சொன்னேன்.

"கொக்கு தலையில வெண்ணெய் வச்சுப் பிடிக்கற யோசனை. தண்ணிக்குள்ள அந்த ரெண்டு கூடை என்ன?"

"அல்லி. ஒரு வருஷமாப் பூக்கல."

"அதுக்கு வெயில் வேணும். இந்த நிழல்ல உங்க மேல இருக்கற மரியாதைக்குத்தான் சாகாம இருக்கு."

அதற்குப் பிறகு அவள் வேலையில் இறங்கினாள். நான் எடுபிடி. கொக்கு கால் வைக்கிற ஆழமில்லாத விளிம்பு முழுக்க, தோட்டத்தில் மண்டியிருந்த சேம்பைப் பெயர்த்து நெருக்கி நட்டாள், ஒரு பாதம் ஊன்றவும் இடமில்லாமல். மேட்டில், நிழலில் வளரும் பெரணிச் செடி. தண்ணீரில் இறங்கும் இடத்தில் வல்லாரை, அதன் கொடி தானாகவே குளத்தின் மேல் படரட்டும் என்று. பிறகு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாள். வேனில் கிடந்த பழைய மண்குழாய்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல அடியில் வைத்தாள். கால் பட்டுக் கலங்கிய தண்ணீரில் கையே அவளுக்குக் கண். இரண்டு வாயும் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு குழாயிலும் விரல் விட்டுப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் அடைச்சா அது வீடில்ல, பொறி," என்றாள்.

கடைசியில் எனக்கு ஒரு தண்டனை. கொட்டகைக்குப் பின்னால் நான் குவித்திருந்த மக்கிய இலையை நானே சுமந்து வந்து குளத்தில் போட வேண்டும்.

"ரெண்டு கூடை போதும். ஆர்வத்துல அள்ளிக் கொட்டினா மீனுக்கு மூச்சு முட்டும்."

இரண்டாவது கூடையைக் கவிழ்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது.

சனிக்கிழமை கொக்கு வந்தது. வழக்கமான இடத்தில் சேம்பு. சுற்றி வந்தது. ஒரு முறை குத்தியது, அலகில் இலை. உதறிவிட்டுப் பறந்தது. எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

ஞாயிறு காலை மனைவி வாளியும் வலையுமாக இறங்கினாள். தங்கையும் வந்திருந்தாள். வலை ஐந்து முறை போனது, ஐந்து முறையும் இலையோடு வந்தது.

"எத்தனைடீ இருக்கு உள்ள?"

"தெரியாது."

"தெரியாதா? மூணு வருஷமா தினம் எண்ணறேன். இப்ப ஒன்னுகூட கண்ணுக்குத் தெரியல. செத்துட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னால எண்ண முடிஞ்சா கொக்கும் எண்ணும்க்கா."

மனைவி வலையைப் பார்த்தாள், தங்கையின் நகக்கண்ணில் இன்னும் போகாத சேற்றைப் பார்த்தாள். வாளியிலிருந்த தண்ணீரைப் பெரணியின் அடியில் ஊற்றினாள். பிறகு முதுகை நேராக வைத்தபடி, வலிக்குப் பழகியவர்கள் உட்காருவதுபோல மெல்ல மண்டியிட்டு, வளையலைக் கழற்றிக் கரையில் வைத்தாள். வல்லாரைக் கொடியை ஒதுக்கிக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மணிக்கட்டு மறைந்தது. முழங்கை மறைந்தது. கை குழாயின் வாய்க்குப் பக்கத்தில் அசையாமல் நின்றிருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது அந்தப் பழுப்பும் அவள் முகமும் மட்டும்தான்.

அவள் புருவம் லேசாக உயர்ந்தது. "ஒன்னு," என்றாள். கையை எடுக்கவில்லை.