ரப்பர் தரைதான் வேண்டும்

கோபம் வந்தால் வெர்னா ஹாகன் கத்தமாட்டாள். கையுறையைக் கழற்றுவாள், மறுபடியும் மாட்டிக்கொள்வாள். அன்று காலை கில்டர் ஊர் வண்டிக்கடைக்குள் கால் வைத்ததிலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற தம்பி லைலுக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன் போல் சிரித்துக்கொண்டிருந்தான்.

கன்று போடும் பருவத்தின் நட்ட நடுவில், போன வாரம், அவளுடைய பழைய பிக்கப் உயிரை விட்டுவிட்டது. மொன்டானாவின் மார்ச் மாதத்தில் முதல் ஈத்துக் கிடேரிகளை வைத்துக்கொண்டு வண்டியில்லாமல் இருப்பது இருக்கிறதே, அதை எதிரிக்கும் விதிக்கக்கூடாது. பண்ணை அப்பா விட்டுப்போனது, இருவருக்கும் சரிபாதி. மாடு பார்ப்பது அக்கா. தம்பி பில்லிங்ஸ் நகரத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து வேலியில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவான். வண்டி இருவர் பெயரிலும் வாங்க வேண்டும் என்பதால் அன்றைக்கு அவனும் வந்திருந்தான், புத்தம் புதுத் தொப்பியோடு.

விற்பனைப் பையன் பெயர் ட்ரெவர். முனை கூர்ந்த பளபள ஷூ. வார்த்தைக்கு வார்த்தை மேடம்.

"நீங்க கேட்ட நடுத்தர சைஸ் பிக்கப்புல மூணு தரம் இருக்கு மேடம். கீழ்த்தரம் 'வொர்க்'. ரெக்ஸின் சீட்டு, ரப்பர் தரை, கெட்டி பிளாஸ்டிக், எல்லாத்துக்கும் கையால திருப்பற திருகு. அதை யாரும் கேக்கறதே இல்ல."

"நான் கேக்கறேன்."

"அடுத்தது 'ட்ரெயில்'. துணி சீட்டு, கீழ கார்ப்பெட்டு..."

"அதை எங்க அப்பா ஒருக்கா வாங்கினாரு. துணி எல்லாத்தையும் குடிச்சிடும் தம்பி. மூணு வருஷம் கழிச்சும் மழை பெஞ்சா வண்டிக்குள்ள கன்னுக்குட்டி வாடை அடிக்கும்."

ட்ரெவர் அதைக் காதில் வாங்கவில்லை. கடை நடுவில் விளக்குக்குக் கீழே நின்ற வண்டியின் கதவைக் கல்யாணப் பெண்ணின் முக்காட்டை விலக்குவது போலத் திறந்தான். "இதுதான் 'கேட்டில்மேன்'. மாட்டுப் பண்ணைக்காரங்களுக்குன்னே வடிவமைச்சது."

அடேயப்பா! பாலாடை நிறத்தில் தோல் இருக்கைகள். உட்காருகிற இடத்துக்குக் காற்று வர தோல் முழுக்க ஊசித் துளைகள். டாஷ்போர்டுக்கும் தோல் போர்த்தி, பழுப்பு நூலால் தையல் போட்டிருந்தார்கள். நிஜ மரத்தில் ஒரு பட்டை. காலடியில் விரல் புதையும் கார்ப்பெட். ஹீட்டருக்கோ ரேடியோவுக்கோ ஒரு திருகுகூடக் கிடையாது, நடுவில் கண்ணாடிப் பலகை போல ஒரு பெரிய தொடுதிரை மட்டும். சாய்மானத்தில் கொம்பு வைத்த காளைத் தலை ஒன்று அச்சுக் குத்தியிருந்தது.

வெர்னா அந்தத் தலையை உற்றுப் பார்த்தாள். "எங்க மாட்டுக்குக் கொம்பே கிடையாதே."

"அக்கா, தொட்டுப் பாரேன்," என்று லைல் தோலைத் தடவினான். "வெண்ணெய் மாதிரி இருக்கு."

"வெண்ணெயிலயா உக்காரச் சொல்ற?"

"எப்பவும் இப்படித்தான். வர்ற இலையுதிர் காலத்துல மாட்டையெல்லாம் வித்துடறோம்ல? நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நீ பில்லிங்ஸ் வந்துடுவ. அங்க வந்து ஓட்டப்போற வண்டிதானே? சொகுசாத்தான் இருக்கட்டுமே."

"விக்கறதா யாரு சொன்னா?"

"கிறிஸ்துமஸ்ல பேசினோமே!"

"நீ பேசின. நான் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தேன்."

கையுறை கழன்றது, மறுபடி ஏறியது. விஷயம் அவளுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. கன்றை ஏற்ற முடியாத வண்டி பண்ணைக்குள் வந்தால், அடுத்த வருஷம் ஏற்றுவதற்குக் கன்றும் இருக்காது. தம்பி தோலைத் தடவவில்லை, மந்தையைத் துடைக்கப் பார்க்கிறான். தோல் சீட்டைக் காட்டி அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிடலாம் என்று நினைக்கிறான். என்ன தைரியம்!

"வொர்க் வண்டியக் காட்டு," என்றாள் ட்ரெவரிடம்.

"ஸ்டாக் இல்ல மேடம். சொல்லிவிட்டாலும் வர்றதுக்கு இலையுதிர் காலம் ஆயிடும்."

"வெளிய சந்துல வெள்ளையா ஒண்ணு நிக்குதே?"

"அது... அது கடையோட வண்டி மேடம். பார்ட்ஸ் கொண்டு போறதுக்கு."

"ஓகோ. உங்க சாமானுக்கு ரப்பர் தரை, என் மாட்டுக்குக் கார்ப்பெட்டா?"

ட்ரெவர் லைலைப் பார்த்தான். லைல் கூரையைப் பார்த்தான். வெர்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கிடேரிகளைச் சுற்றிப் பார்க்கிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் வந்ததோ தம்பியின் தரை உரசும் டவுன் காரில். அது மேய்ச்சல் நிலத்துக்குள் பத்தடி போகாது.

"சரி, இதையே ஓட்டிப் பாக்கறேன். கிடேரிங்கள ஒரு நடை பாத்துட்டு வந்துடலாம்."

ட்ரெவர் வெளிறிப்போனான். "மேய்ச்சலுக்குள்ளயா? மேடம், இது இன்னும் விக்கல..."

அக்கா வழிக்கு வந்துவிட்டாள் என்று லைலுக்கு ஒரே சந்தோஷம். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "எடுங்க தம்பி. இதைத்தான் வாங்கப்போறோம். இதுக்கு என்ன ஆனாலும் நான் பொறுப்பு. போதுமா?"

மேஜைக்குப் பின்னால் டோனட் தின்றுகொண்டிருந்த கடை முதலாளி மார்வ் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

வெர்னா ஓட்டினாள், பக்கத்தில் லைல், பின்னால் ட்ரெவர். வண்டி நன்றாகத்தான் ஓடியது, பொய் சொல்லக்கூடாது. பண்ணைக்குள் திரும்பும்போது வடக்குக் காற்று பிடித்துக்கொண்டது. காலையில் நசநசத்த பனி கண்ணாடியாக இறுக ஆரம்பித்திருந்தது. இந்த மாதிரி நேரம் பார்த்துத்தான் கிடேரிகள் கன்று போடும். வேண்டுமென்றே செய்கின்றனவோ என்று அவளுக்கு வருஷா வருஷம் சந்தேகம்.

வேலி ஓரத்தில் ஒரு கறுப்புக் கிடேரி பின்னால் இளங்கொடி தொங்க, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது போல வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, சேறும் பனியும் கலந்த பள்ளத்தில் கறுப்பாக ஒரு மூட்டை. வெர்னா வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினாள்.

கன்று உயிரோடு இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். தாய் நக்காத உடம்பெல்லாம் கொழகொழவென்று பனிக்குட நீர், அதன்மேல் ஐஸ் கட்டத் தொடங்கியிருந்தது. வாய்க்குள் விரல் விட்டாள். நாக்கு ஜில்லென்று கிடந்தது, சப்பவில்லை. தொழுவம் அரை மைல் தள்ளி. அவள் அதை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள்.

"பின்னாடி தொட்டியில போடுங்க மேடம்!" என்று ட்ரெவர் கண்ணாடியை இறக்கிக் கத்தினான்.

"இந்தக் காத்துலயா? கேட்டு தாண்டறதுக்குள்ள செத்துடும்." லைல் பக்கத்துக் கதவை இழுத்துத் திறந்தாள். "காலைத் தூக்கு."

"அக்கா, வேணாம், அக்கா..."

"காலைத் தூக்குடா!"

அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளையையும் கேளுங்கள். அப்பா குளிரோடு கதவைத் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னால், யோசிப்பதற்கு முன்னால் கால் தானாக மேலே போய்விடும். கன்றுக்கு ஹீட்டர் ஊதும் அந்தக் காலடிதான் ஆஸ்பத்திரி. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் எத்தனை வருஷம் வைத்தாலும் அது உடம்பை விட்டுப் போகாது. லைலின் கால்கள் இரண்டும் பறந்து போய்த் தோல் தைத்த டாஷ்போர்டின்மேல் உட்கார்ந்தன. கடை வாசலில் மிதித்த சேறு பழுப்புத் தையலில் வழிந்தது. கன்று கார்ப்பெட்டில் சரிந்தது.

"ஐயோ," என்றான் ட்ரெவர்.

வெர்னா ஸ்டியரிங் பக்கம் ஏறி, ஹீட்டரைக் கால் பக்கம் முழு வேகத்தில் திருப்பக் கையை நீட்டினாள். திருப்ப என்ன இருக்கிறது? தொடுதிரையில் விரல் வைத்தாள். கையுறையை அது மதிக்கவில்லை. பல்லால் கடித்துக் கையுறையை உருவிவிட்டு வைத்தாள். ஈர விரல் வழுக்கிப் பாட்டு வந்தது. இன்னொரு தரம் வைத்தாள். மேப் வந்தது. மூன்றாம் தரம், இருக்கைக்குக் குளிர்காற்று வரத் தொடங்கியது.

"சனியன் பிடிச்ச கண்ணாடி! ஒரு கன்னு சாகுது, இது பாட்டுப் பாடுது! ஏய் பளபள ஷூ, உன் விரல் காஞ்சிருக்குல்ல? வா முன்னாடி!"

ட்ரெவர் இரண்டு இருக்கைக்கும் நடுவில் பாய்ந்தான். தன் டையை எடுத்துத் திரையைத் துடைத்தான், அழுத்தினான், தேய்த்தான், ஏதோ ஒரு பட்டியலுக்குள் போய்த் தேடினான். கடைசியில் சூடு கால் பக்கம் ஊதத் தொடங்கியது. அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"தேய்டா லைல்!"

"எதால?"

"கழுத்துல கிடக்கே, அதால!"

லைல் தன் கம்பளி மஃப்ளரை உருவித் தேய்த்தான். முதலில் விரல் நுனியால், பிறகு இரண்டு கையாலும், பிறகு முழங்காலை மடக்கி முழு பலத்தோடு. தொழுவம் வருவதற்குள் கன்று ஒரு தும்மல் தும்மியது. வெண்ணெய் போன்ற தோல் முழுக்கத் தெறித்தது. அப்புறம் வயிற்றை எக்கி, பிறந்த கன்றின் முதல் சாணத்தை, தார் போன்ற அந்தப் பிசினை, கார்ப்பெட்டில் வஞ்சனையில்லாமல் இறக்கியது. லைல் அதன் வாய்க்குள் விரல் விட்டிருந்தான்.

"அக்கா, சப்புது!" என்று கத்தினான். குரல் சின்ன வயசுக் குரலாக இருந்தது. வெர்னா அவன் பக்கம் திரும்பாமல் வண்டியைத் தொழுவ வாசலில் நிறுத்தினாள்.

கிடேரியைத் தொழுவத்துக்கு ஓட்டி வந்து கட்டி, கன்றைச் சீம்பால் குடிக்க வைத்துவிட்டு அவர்கள் கடைக்குத் திரும்பினார்கள். மார்வ் வாசலுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தார், வாடையில் ஒரு அடி பின்வாங்கினார், மறுபடி எட்டிப் பார்த்தார். காற்று வரட்டும் என்று குத்திய துளை ஒவ்வொன்றிலும் கொழகொழப்பு இறங்கியிருந்தது. கொம்பு வைத்த காளையின் கண்ணில் சாணம்.

"இதை இனிமே யாருக்கு விப்பேன் வெர்னா?"

"ஏன், பொறுப்பு ஏத்தவன் நிக்கறானே. உன் காதுலயும் விழுந்துச்சுல்ல?"

லைல் பதறினான். "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா!"

"பேச்சுக்குத்தானே எல்லாத்தையும் சொல்ற? கிறிஸ்துமஸ்லயும் பேச்சுக்குத்தான் சொன்னியா? உனக்குப் பிடிச்ச வண்டி, உன் ஆபீஸுக்குப் பொருத்தமான வண்டி. உன் பேருல நீயே வாங்கிக்க. பண்ணை வண்டிய நான் பாத்துக்கறேன்." மார்வ் பக்கம் திரும்பினாள். "சந்துல நிக்குதே, அந்த வெள்ளைய எனக்குக் குடு."

"அது கடை வண்டிம்மா. பார்ட்ஸ் கொண்டு போக எனக்கு என்ன இருக்கு?"

"அடுத்த கேட்டில்மேன்ல கொண்டு போ. சொகுசா இருக்கும்."

மார்வ் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரும் அந்த மண்ணில் காலைத் தூக்கி வளர்ந்தவர்தான். ட்ரெவர் யாரும் சொல்லாமலே போய் வெள்ளை வண்டியின் சாவியைக் கொண்டுவந்தான். அவன் டை இன்னும் ஈரமாக இருந்தது. "திருகெல்லாம் நல்லா வேலை செய்யுது மேடம்," என்றான் மெதுவாக.

லைல் வாசலில் வழியை மறித்து நின்றான். தொப்பி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "வண்டிய விடு. மாடு விக்கிற விஷயம் என்னாச்சு?"

"விக்கல."

"பாதி என்னுதுக்கா."

"ஆமாடா, பாதி உன்னுதுதான். நான் எப்ப இல்லைன்னேன்? அப்ப கன்னு போடறதுலயும் பாதி உன்னுது. வெள்ளிக்கிழமை பூட்ஸ் எடுத்துக்கிட்டு வா. குளிர்ல, சேத்துல, உன் பங்குக் கிடேரிங்களை நீ பாரு. எல்லாம் முடிச்சு, அந்தக் கையோட வந்து என் மூஞ்சிக்கு நேரா விக்கலாம்னு சொல்லு. சொன்னா வித்துடறேன். வேலியில சாஞ்சு நின்னுக்கிட்டுச் சொன்னா ஒரு வாலைக்கூட விக்க மாட்டேன்."

லைல் தொப்பியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினான். தன் கையைப் பார்த்தான். விரல் நகத்தில் கன்றின் எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தது. வழியை விட்டு விலகி நின்றான்.

"வெள்ளையக் கழுவித் தரட்டுமா வெர்னா?" என்று மார்வ் கேட்டார்.

"எதுக்கு? நாளைக்கு நானே குழாயை உள்ள விட்டு அடிச்சுக்குவேன்."

வெள்ளை வண்டியின் காலடியில் கிடந்த பார்ட்ஸ் பெட்டிகளை அவளே தூக்கிக் கீழே வைத்தாள். ரப்பர் தரையைப் பூட்ஸால் ஒரு உதை விட்டுப் பார்த்தாள், டம் என்றது. ரெக்ஸின் சீட்டு ஐஸ் போலச் சுட்டது. கையுறையைக் கழற்றாமல் ஹீட்டர் திருகைக் கால் பக்கம் திருப்பினாள். சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது.

சந்திலிருந்து வெளியே வரும்போது, எதிரே லைல், தன் காரைக் கடையிலேயே விட்டுவிட்டு, தன் பேரில் வாங்கிய கேட்டில்மேனை ஓட்டிக்கொண்டு வந்தான். அந்தக் குளிரில் நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன. அக்காவைக் கடக்கும்போது அவன் வேகத்தைக் குறைத்தான்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று காற்றுக்கு மேல் கத்தினான்.

"விடியறதுக்கு முன்னாடி!" என்று வெர்னா கத்தினாள். "பழைய தொப்பி போட்டுக்கிட்டு வா!"