இன்னாசி இல்லாத படம்

எல்சி படத்தில் வரையாமல் விட்ட பொருள் எதுவோ அது ராயபுரத்தில் ஒரு வாரம் காணாமல் போய்விடும். அறுபதுகளில் இது மண்ணெண்ணெய் விலை மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீட்டில் குடியிருந்த எல்சி, மவுண்ட் ரோட்டிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்குக் கேலிப்படம் போட்டுக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே ‘இதில் என்ன காணோம்?’ என்று கேட்டிருக்கும். பிள்ளைகள் கார்டில் பதில் எழுதிப் போடுவார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை விடை வரும். கற்பனையாக வரைய அவளுக்கு வராது. கண்ணால் பார்த்ததைத்தான் வரைவாள், அதையும் உரித்து வைத்த மாதிரி வரைவாள். முதலில் போனது மீன் மார்க்கெட்டில் குணசுந்தரியின் தராசுத் தட்டு. பத்திரிகை கடையில் தொங்கிய நேரத்தில் போனது, விடை வந்த நேரத்தில் அதே சங்கிலியில் அதே செதில் ஒட்டியபடி திரும்பித் தொங்கியது. பிறகு ஒரு ஏட்டையாவின் மீசையில் பாதி போனது. பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு புகைபோக்கியே போய், அந்த வாரம் பூராவும் புகை மட்டும் அந்தரத்தில் அதே உயரத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. போனது திரும்பி வந்துவிடும் என்றால் யாருக்கு என்ன நஷ்டம்? “எல்சிக்கா, இந்த வாரம் இன்னா காணாப் போவுது?” என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மாமியாரை விட்டுவிட்டு வரையச் சொல்லிக் கெஞ்சியவர்களும் உண்டு. மனுஷரை விட்டு வரைவதில்லை என்று எல்சி கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்தக் கறாரை உடைத்தவள் அடுத்த வீட்டுச் சிலுவையம்மாள். அவள் புருஷன் இன்னாசி அறுபத்தாறாம் வருஷத்துப் புயலில் கட்டுமரத்தோடு போனவன். மரத்தின் ஒரு கட்டை எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. அப்போது அவர்கள் பெண் ஞானசெல்விக்கு ஒரு வயது. இரண்டு வருஷம் சிலுவையம்மாள் தாலியைக் கழற்றவில்லை, துக்கப் பூசைக்கும் சம்மதிக்கவில்லை. இன்னாசியின் அண்ணன் அய்யாத்துரை பொறுத்துப் பார்த்துவிட்டு, வருகிற கல்லறைத் திருநாளில் இறந்தவர்களோடு தம்பி பேரையும் வாசிக்கச் சொல்லி மாதா கோயில் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டார். கோயிலில் வாசித்துவிட்டால் வாசித்ததுதான், அப்புறம் ராயபுரத்தில் அவன் செத்தவன். சிலுவையம்மாள் எல்சி வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

“நீ காணாப் போட்டதெல்லாம் திரும்பி வருதில்ல? அவரு தானா காணாப் போனதுனாலதான் வர மாட்டேங்குறாரு. நீ ஒருவாட்டி காணாப் போடுடி.”

எல்சி அன்றைக்கே சிலுவையம்மாள் வீட்டை வரைந்தாள். அடுப்பு, மூலையில் துடுப்பு, தாய், பிள்ளை, சுவரில் மாதா படம். பத்திரிகை ஆசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாமே இருக்கேம்மா, இதுல பசங்க என்னத்தக் கண்டுபிடிப்பாங்க?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்சி வந்து சொன்னபோது சிலுவையம்மாள் வெங்காயம் அரிந்துகொண்டே, “ஆமாண்டி, பாக்குறவங்களுக்கு எல்லாந்தான் கீது” என்றாள். இல்லாத ஒரு மனுஷனை ஊரறியக் காட்டுவது எப்படி என்று எல்சி சரியாகச் சாப்பிடாமல் யோசித்தாள்.

விடை தேர் ஊர்வலத்தில் கிடைத்தது. தெரு கொள்ளாத கூட்டம். பிள்ளைகளெல்லாம் அப்பன்மார் தோளில் ஏறித் தேரைப் பார்த்தார்கள். ஞானசெல்வி மட்டும் கீழே நின்று வேட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்சி வீட்டுக்கு ஓடிப்போய் அதை வரைந்தாள். தேர், கூட்டம், தோள்மேல் பிள்ளைகள். அவர்களுக்குச் சமமான உயரத்தில் ஞானசெல்வி, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கை இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே யாருமில்லாமல். ஆசிரியர் இந்தத் தடவை வாங்கி நேரே அச்சுக்கு அனுப்பினார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு படம் அந்தப் பத்திரிகையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஆப்பம் தின்றுகொண்டிருந்த ஞானசெல்வி தட்டோடு மேலே எழும்பி ஒரு ஆள் உயரத்தில் அந்தரத்தில் உட்கார்ந்தாள். சிலுவையம்மாள் முக்காலி போட்டு ஏறி மிச்ச ஆப்பத்தை ஊட்டினாள். அந்த வாரம் பூராவும் பிள்ளை அப்படியேதான் தாய்க்குப் பின்னால் போனாள். நிலைப்படி வந்தால் குனிந்துகொள்வாள். தூக்கம் வந்தால் முன்னால் சாய்ந்து எதன் மேலோ கன்னத்தை வைத்துத் தூங்கினாள். குழாயடியில் பெண்கள் அண்ணாந்து பார்த்து, “சளி புடிக்கப் போவுது, தலைல துணி கட்டு” என்றார்கள்.

நாலாம் நாள்தான் சிலுவையம்மாள் பத்திரிகையைக் கையில் எடுத்து நன்றாகப் பார்த்தாள். பார்த்தவள் அதோடு எல்சி வீட்டுக்கு ஓடினாள்.

“இன்னாடி எல்சி இது? பொண்ணு முடியப் புடிச்சிகினு கீறா மாரி போட்டுக்கீற. அவருக்கு ஏதுடி முடி?”

அவள் சொன்னது நிஜம். பிள்ளைக்கு வந்த காய்ச்சல் இறங்கியதற்காக வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மறுவாரம்தான் இன்னாசி கடலுக்குப் போனான். எல்சி அதைச் சுத்தமாக மறந்துவிட்டாள். ஊர்வலத்தில் மற்ற பிள்ளைகள் பிடித்திருந்த மாதிரியே இவள் கையையும் வரைந்துவிட்டாள். கண்ணால் பார்க்காததை அவள் வரைந்தது அந்த ஒரு தடவைதான். அச்சான படத்தை என்ன செய்ய முடியும்? முடியுள்ள வேறு எவனாவது வந்து நின்றால் என்ன பண்ணுவது என்று எல்சி பயந்துபோனாள். அய்யாத்துரை காதுக்கும் விஷயம் போனது. “செத்தவனை வெச்சு வெளையாடாதீங்கம்மா” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். சிலுவையம்மாள் மேலே பிள்ளையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் எதையோ பிடித்திருந்தன, அது மட்டும் தெரிந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வந்த கார்டுகளில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று ஆசிரியரே ஆச்சரியப்பட்டாராம். எல்லாப் பிள்ளைகளும் ‘அப்பா’ என்று எழுதியிருந்தார்கள். பத்திரிகைக் கட்டைக் கடைக்காரர் பிரித்துத் தொங்கவிட்டபோது சிலுவையம்மாள் குழாயடியில் குடத்தோடு நின்றாள். ஞானசெல்விக்குக் கீழே முதலில் இரண்டு கால் தெரிந்தது, பிறகு கைலி, பிறகு நெஞ்சு, தோள். கடைசியில் தலை. தலை நிறைய முடி. பிள்ளையின் விரல்கள் அதில் சிக்கிக்கொண்டிருந்தன.

“கழுத்து வலிக்குதும்மே. ஒரு வாரமா இது முடியப் போட்டு இழுத்துகினே கீது” என்றான் இன்னாசி.

எங்கே இருந்தாய் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. தராசுத் தட்டைக் கேட்டார்களா என்ன? சிலுவையம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையை அந்த முடிக்குள் விட்டு அளைந்தாள். அழுகையும் சிரிப்புமாக எல்சி பக்கம் திரும்பி, “செத்தவங்களுக்கு முடி வளராதுடி” என்றாள்.

மறுநாள் கோயிலில் உபதேசியார் இன்னாசி பேரை வாசித்தார். பின் வரிசையில் இன்னாசி சத்தமாக இருமினான். அவர் அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் எல்சி வழக்கம்போலக் காம்பில்லாத ஒரு குடையை வரைந்தாள். இன்னாசி அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் வேளாங்கண்ணிக்குப் போனான், ஆனால் முடி மட்டும் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கை மாதாவிடம் சிலுவையம்மாளே பேசித் தீர்த்துவிட்டாள். “கோச்சிக்காத தாயே, பாப்பாவுக்குப் புடிச்சிக்க அது வேணும்.”