கழுத்துக்குக் கத்தி வரும்போது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்காக நான் எங்கேயும் அலையவில்லை, ராத்திரி பகலாக யோசிக்கவும் இல்லை. தாடி அரித்தது, சலூனுக்குப் போனேன். அங்கே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, ஒரு அம்மா அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். இன்னொன்று காலி. அதற்குப் பின்னால் தோளில் துண்டோடு அந்தம்மாவின் வீட்டுக்காரர் நின்றார். மொட்டைத் தலையில் முடி இப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது.

"அடுத்து யாருங்க?" என்று கேட்டார்.

பெஞ்சில் காத்திருந்த நாலைந்து பேரும் ஒரே சமயத்தில் செய்தித்தாளைத் தேடினோம். "அவசரமில்ல, அக்கா முடிக்கட்டும்" என்றார் ஒருவர், சாகிற வரைக்கும் அவசரமே வராது என்பதுபோல.

இவ்வளவுதான் கிடைத்தது. மிச்சத்துக்குக் கண், காது, மூக்கு வைத்தது நான். [முழுப் பொய். பாதி பெஞ்சில் கேட்டது, பாதி அந்தம்மா சொன்னது. மூக்கு மட்டும்தான் என்னுடையது.]

2

ஆரம்பம் சரியாக அமையவில்லை. முதலில் எழுதியது: 'மனித மூளை என்பது ஒரு புரியாத' — எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்தது: 'காற்றில் நடுங்கும் இலையைப் போல அவருடைய கை' — இலையாம், காற்றாம்! இதை எழுதிய கைக்குத்தான் முதலில் ஆபரேஷன் வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சலூன்காரருக்கு வலது கையில் நடுக்கம். மடியில் கிடக்கும்போது சாதுவாகக் கிடக்கும். எதையாவது செய்யப் போனால் ஆடும், கிட்டே போகப் போக இன்னும் ஆடும். கன்னத்தை நெருங்கும்போது கத்தி ஆடினால் எவன் உட்காருவான்? ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் காதோரம் கீறிவிட்டது. அன்றைக்கே கத்தியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அந்தம்மா பழகிக்கொண்டார். முதல் பாடம் இது: "கழுத்துக்குக் கத்தி வந்துட்டா யாரும் பேசக்கூடாது. நீயும் பேசாதே, உட்கார்ந்திருக்கிறவரையும் பேச விடாதே. ராஜாவா இருந்தாலும் வாயை மூடச் சொல்லு."

மாத்திரைக்குக் கை மசியவில்லை. கடைசியில் ஆபரேஷன். மண்டையில் சின்னத் துளை போட்டு, மூளைக்குள் மெல்லிய கம்பி இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரி வைப்பார்கள். அதிலிருந்து போகிற லேசான மின்சாரம் நடுக்கத்தை அடக்கும். அணைக்கவும் போடவும் கையில் ஒரு ரிமோட்டும் கொடுப்பார்கள். கம்பி இறக்கும்போது ஆள் முழித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.*

* இதைக் கேட்டு எனக்குத்தான் தலை சுற்றியது. அவருக்கு அதெல்லாம் பயமில்லை. மொட்டையடிக்க வந்த ஆஸ்பத்திரி ஆளிடம், "தம்பி, முடி போற போக்குலயே போ, எதிர்த்துப் போகாதே" என்று கடைசி மயிர் வரைக்கும் பாடம் நடத்தியிருக்கிறார்.

மேசையில் கிடந்தவரின் கையில் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொடுத்தார்கள். தளும்பிக் கொட்டியது. மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். தண்ணீர் நின்றது.

"எப்படியிருக்கு?" என்றார் டாக்டர்.

"இது யாரு கைங்க?" என்றார் சலூன்காரர்.

டாக்டர் சிரித்தார். கேட்டவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

3 (நியாயமாகக் கதை இங்கே முடிய வேண்டும்)

கை நின்றுவிட்டது, சுபம் போட்டுவிட்டு நானும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் வம்பே அதற்கப்புறம்தான்.

இத்தனை வருஷமாக வலது கை எழுந்தால் போதும், இடது கை ஓடிப்போய் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். இப்போது வலது கை சரியாகிவிட்டது. இடது கைக்கு அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் போய்ப் பிடிக்கிறது. சவரத்தில் இடது கைக்கு வேறு வேலை உண்டு. கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் கத்தி வழுக்கும். தொழில் பழகுகிறவர்களைப்போலப் பலூனை ஊதி, நுரை தடவி, கத்தியைப் பிடித்தார். வலது கை கல்லாக நின்றது. இடது கை வந்து 'லபக்'கென்று மணிக்கட்டைப் பற்றியது. பலூன் வெடித்தது. வாசலில் நின்ற ஆள் திரும்பிப் போய்விட்டார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு மனுஷன் நம்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், அவனுக்கு ஒரு சவரத்தை முழுசாக முடித்து அனுப்ப வேண்டும். அது நடக்கிற வரைக்கும் அந்தக் கை ஆஸ்பத்திரிக்காரர்களுடையதுதான், தன்னுடையது இல்லை என்பது அவருடைய கட்சி.

4

வீட்டுக்காரம்மாவை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் பொறுமையின் சிகரமாக எழுதினேன். சகிக்கவில்லை. இரண்டாவதில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விடாத ராட்சசியாக ஆக்கிப் பார்த்தேன். அப்புறம் அந்தம்மா எனக்கு நுரை தடவும்போது சொன்னதைக் கேட்டு இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

"இப்பவும் அரை டம்ளர் டீதான் ஊத்துறேன் சார். நிறைய ஊத்துனா கொட்டிடுவாரேன்னு பழகின கை. அவரும் கேட்கிறதில்ல. 'இன்னும் அரை டம்ளர் ஊத்து'ன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"நீங்க அவர்கிட்ட சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? வாய் அவருக்குத்தானே இருக்கு!"

இதற்கப்புறம் எனக்குச் சிக்கல் தீர்ந்தது. வீட்டுக்கு வீடு வாசப்படி.

5

என் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, துண்டு எடுக்கப் பின்னறைக்குப் போனார் அந்தம்மா. வீட்டுக்காரர் முன்னாலேயே உள்ளே போயிருந்தார். கதவு முழுசாகச் சாத்தவில்லை. ஒட்டுக்கேட்பது தப்புதான். கழுத்து நிறைய நுரையோடு உட்கார்ந்திருப்பவன் வேறு என்ன செய்வான்?

"ஐயோ, என்னங்க! கை இப்படி ஆடுது? பேட்டரி போயிடுச்சா?"

"இல்ல. ரிமோட்ல நான்தான் அணைச்சேன்."

"எதுக்கு?"

"உள்ள இருக்கானான்னு பார்த்தேன்."

"யாரு?"

"பழைய ஆளு."

அந்தம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்கா மண்டையில ஓட்டை போட்டுக்கிட்டீங்க? அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து நான் செத்துப் பிழைச்சது உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?"

அப்புறம் அவர் குரல் கம்மிப்போய் வந்தது. "கை ஆடுனப்போ நீ பிடிச்சுக்குவே. பஸ்ல, கடையில, சாப்பிடுறப்போ. நின்னதுக்கப்புறம் ஒருநாளாவது தொட்டியா?"

[இங்கே ஒரு பத்தி வர்ணனை எழுதி வைத்திருந்தேன். வேண்டாம். அடித்துவிட்டேன்.]

"கையைப் பிடிக்கணும்னா கேட்கிறதுதானே?" என்றார் அந்தம்மா. அழுகையும் திட்டும் கலந்து வந்தது. "அதுக்கு மண்டைக்குள்ள இருக்கிறதை அணைக்கணுமா? நல்ல ஆளாப் பார்த்துக் கட்டி வெச்சாங்க என்னை! கொடுங்க இப்படி."

ரிமோட் 'டிக்'கென்றது. அதற்கப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. என் நுரை காய்ந்தது.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு, சலூன்காரரின் மச்சினன். ஆபரேஷன் அன்றைக்கு, "மாமா, முதல் சவரம் எனக்குத்தான்!" என்று மார்தட்டியவன். அவனை உட்கார வைத்துக் கதையை முடிக்கலாமென்று பார்த்தேன். "தாடி எனக்கு நல்லா இருக்குன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க மாமா" என்று அவன் இப்போது தாடி வளர்க்கிறானாம்.

இரண்டாவது, அந்தம்மாவே அந்த நாற்காலியில் உட்கார்வது. வாசகர்கள் உருகிவிடுவார்கள். "எனக்கேது சார் தாடி?" என்று கேட்டுவிட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

மூன்றாவது, பாதிச் சவரத்தோடு ஒருவன் தெருவில் இறங்கி ஓடுவது. உண்மையைச் சொன்னால் எனக்கு மனசுக்குப் பிடித்த முடிவு இதுதான். எழுந்தும்விட்டேன்.

அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த அந்தம்மா என் கழுத்துத் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இப்போ கை ஓடல சார். மிச்சத்தை அவர் பார்ப்பார். அந்த நாற்காலிக்கு வாங்க."

பின்னாலேயே அவர் வந்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. என்னை வற்புறுத்தவில்லை. காலி நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையில் கத்தியோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். பெஞ்சு முழுக்க என்னையே பார்த்தது. செய்தித்தாள்களெல்லாம் கீழே இறங்கியிருந்தன.

7

உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவனுக்கும் கழுத்து ஒன்றுதான்.

புது நுரை தடவியாகிவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்துவிட்டார். கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. இனி ரெண்டில் ஒன்றுதான் நடக்கும். தோலை இழுத்துப் பிடிக்க ஒரு கட்டைவிரல் என் தாடைக்கடியில் வந்து படும். இல்லையென்றால் அந்தக் கை பழைய ஞாபகத்தில் மணிக்கட்டைத் தேடிப் போகும், பலூனுக்கு ஆனது எனக்கும் ஆகும். எதிரே பெரிய கண்ணாடி இருக்கிறது, நீங்கள் பெஞ்சில்தான் இருக்கிறீர்கள், எல்லாம் நன்றாகத் தெரியும். இடது கையை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பட்டாலும் படாவிட்டாலும் என்னால் சொல்ல முடியாது.

"சார்," என்கிறார் அவர், மெதுவாக. "கழுத்துக்கு வர்றேன். பேசாதீங்க."

சரிங்க, இதோ நிறுத்தி