தவக்காலப் பானை

சனிக்கிழமை மதியம் ஷாபான் சமையலறைக்குள் வந்து விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டபோது, சமையல்காரி அப்போலோனியா வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் மாளிகையில் விருந்து. ஷாபானுக்கு ஞானஸ்நானம்.

துருக்கியர் வசமிருந்த புடா கோட்டை விழுந்த அன்று பிடிபட்ட முஸ்லிம் சிப்பாய் அவன். அப்போது இருபது வயது. மாளிகைச் சீமாட்டி கொர்துலாவின் கணவர் அவனைக் குதிரைக்குப் பின்னால் கட்டி ஆஸ்திரியாவின் ஸ்டீரியாவுக்கு நடத்திக் கூட்டிவந்தார். அவர் செத்துப் பல வருடமாயிற்று. ஷாபான் இன்னும் அதே குதிரைகளைத் தேய்த்துக்கொண்டும், அதே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டும் இருந்தான். மதம் மாறச் சொல்லி எத்தனையோ பாதிரியார்கள் வந்து போனார்கள். தலையைக் குனிந்து நிற்பானே தவிர, சரி என்று சொன்னதில்லை.

இந்த வருடம் சக்கரவர்த்தியும் சுல்தானும் சமாதானம் செய்துகொண்டார்கள். ஞானஸ்நானம் பெறாத கைதிகள் விரும்பினால் ஊர் திரும்பலாம்; திங்கட்கிழமை கிராட்ஸிலிருந்து எல்லைக்கு வண்டி போகிறது என்று செய்தி வந்தது. அந்தச் செய்தி வந்த மறுநாள்தான் ஷாபான் சீமாட்டியிடம் போய், "ஞானஸ்நானம் வாங்கிக்கறேம்மா" என்றான்.

வீடே வாயைப் பிளந்தது. அப்புறம் எல்லோரும் அப்போலோனியாவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஞானஸ்நானம் முடிந்ததும் இரண்டு பேருக்கும் கல்யாணம், குடியிருக்க ஆலையடி வீடு என்று சீமாட்டியும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"என்ன மாப்ள, புதுக் கோட்டு வந்துருச்சாமே! போட்டுக் காட்டக் கூடாதா?" என்றாள் பால்காரி வால்புர்கா, வாளியைக் கழுவிக்கொண்டே.

"பெருசா இருக்கு."

"நாளைக்கு லியோபோல்டுன்னு பேர் வெச்சதும் உடம்பு தானா ஊதிரும். இந்த ஊர்ல அந்தப் பேர் வெச்ச எவனும் ஒல்லியா இல்ல. வரேங்க்கா, கல்யாணப் பொண்ணே, வாத்தைக் கருக விட்டுறாத."

அவள் வாளியோடு வெளியே போனாள்.

"ஏன்யா, முகம் இப்படித் தொங்குது?" என்றாள் அப்போலோனியா.

"அசதி, லோனி."

"உனக்கு என்னைக்குத்தான் அசதி இல்ல?"

"இது படுத்தாலும் போகாத அசதி."

பல நாளாக நாக்கு நுனியில் நின்ற கேள்வியை அவள் கேட்டே விட்டாள். "எனக்காகத்தானே போகாம இருக்கே?"

அவன் ஒரு இறகை எடுத்து விரலில் உருட்டினான்.

"உன்னைப் பிடிக்கும் லோனி. அது பொய்யில்ல. ஆனா அதுக்காக இல்ல. ஊருக்குப் போக எனக்கு முகம் இல்ல." இறகை அடுப்பில் போட்டான். "வந்த புதுசுல சீமாட்டியம்மா சொன்னது ஞாபகமிருக்கா? இவன் திங்கறது எல்லாத்துலயும் பன்னிக் கொழுப்புப் போடு, கொழுப்போட சேந்து பிடிவாதமும் உருகட்டும்னு. சில நாள் பட்டினி கெடந்தேன். அப்புறம் தின்னுட்டேன். அன்னைக்கே என் கதை முடிஞ்சுது. தெமெஷ்வார்ல எங்க வீட்டுக்குப் போனா எங்கம்மா தட்டை வெச்சுப் பக்கத்துல உக்காருவா. அங்க என்னடா சாப்ட்டேன்னு கேப்பா. என்ன சொல்ல? போனது போனதுதான். நாளைக்குத் தண்ணியையும் ஊத்தட்டும்."

அப்போலோனியா இறகு பிடுங்குவதை நிறுத்தவில்லை. கை தானாக வேலை செய்தது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தனக்கென்று ஒரு கதவு உள்ள அறையில் அவள் ஒரு நாளும் தூங்கியதில்லை. ஆலையடி வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கத் துணிகூட எடுத்து வைத்திருந்தாள். நாளை மதியம்வரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

எழுந்து போய், மாவுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மண்பானையை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தாள்.

"இது என்ன, தெரியுதா?"

"என் கஞ்சிப் பானை."

"தவக்காலப் பானை. தவக்காலத்துல கொழுப்பு படக் கூடாதுன்னு நாங்க தனியா எடுத்து வெச்சிருக்கறது. உன் கஞ்சிய வருஷம் பூரா இதுலதான் காய்ச்சினேன். ஆளிவிதை எண்ணெய்ல. பன்னிக் கொழுப்பு ஒரு சொட்டுகூட இதுல பட்டதில்ல."

அவன் புரியாமல் பார்த்தான். "மேல கெடக்குமே... கறுப்பா, மொறுமொறுன்னு?"

"ரொட்டித் தூள்யா! கறுப்பு ரொட்டியக் கருக விட்டது. அம்மா எட்டிப் பாத்தா கொழுப்பு வறுவல் மாதிரித் தெரியணுமில்ல?"

"எனக்கு வித்தியாசம் தெரியலையே."

"எப்படித் தெரியும்? நெஜக் கொழுப்பு உன் வாயில பட்டாத்தானே!"

"ஒரு நாள்கூடவா இல்ல? கிறிஸ்துமஸ் அன்னைக்கு?"

"ஒரு நாளும் இல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட எழுந்து வந்து நானே வெச்சேன். வால்புர்கா கையில விடல."

ஷாபான் பானையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தான். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாள் லாயத்துக்குப் பின்னால போய் விரல விட்டு வாந்தி எடுத்திருக்கேன், தெரியுமா?"

"நல்ல கஞ்சிய வீணாக்கியிருக்கே, பாவி."

"ஏன் சொல்லல லோனி?"

"மொதல்ல, உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும், என் வேலை போயிரும்னு பயம். அப்புறம்..." அவள் வாத்தைத் திருப்பிப் போட்டாள். "அப்புறம், தெரிஞ்சா நீ போயிருவேன்னு பயம்."

அவன் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "நீயும் வா. எங்க ஊர்ல கிறிஸ்தவப் பொண்ணைக் கட்டிக்கலாம். நீ மாற வேண்டாம்."

"அங்க எனக்கு யார் தனிப் பானை வைப்பா?"

"நான் வைப்பேன்."

வைப்பான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அதனாலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு மிச்ச இறகைப் பிடுங்கினாள்.

"வேண்டாம்யா. வேத்து ஊர்ல வாழறது எப்படியிருக்கும்னு உன்னைப் பாத்துப் பாத்தே எனக்கு அலுத்துப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஞானத்தந்தையாக நிற்க வந்த கனவான் வெள்ளிக் கோப்பையோடு கூடத்தில் காத்திருக்க, ஷாபான் பழைய கோட்டிலேயே வந்து நின்று, வேண்டாம் என்றான். சீமாட்டியின் குரல் சமையலறைவரை கேட்டது. "பன்னெண்டு வருஷம் என் சோத்தைத் தின்னியேடா!"

"நல்ல சோறும்மா" என்று மட்டும் சொன்னான் அவன். வாத்துகளை எப்படியும் சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

அன்று மதியமே கிராட்ஸ் சாலையில் நடந்தான். மூட்டையில் ரொட்டி கட்டிக் கொடுத்தாள் அப்போலோனியா. புதுக் கோட்டைத் தோட்டக்காரனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்குச் சரியாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கை பழக்கத்தில் சின்னப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டாள். ரொட்டித் தூளையும் கருக வறுத்துவிட்ட பிறகுதான் நினைவு வந்தது. கொட்ட மனமில்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அவனுடைய முக்காலியில் உட்கார்ந்தாள். தவக்காலத்தில் அவளும் அந்தக் கஞ்சியைக் குடிப்பாள்தான். ஆனால் கருகிய தூள் போட்டுக் குடித்ததில்லை. ஒரு வாய் எடுத்தாள். கசந்தது. நாக்கின் அடிவரை கசந்தது.

அவன் ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்லை.

மிச்சத்தையும் குடித்து முடித்து, பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்.