முப்பத்துநாலு ஜாக்கெட்

மார்ச் 12, வியாழன்.

இன்று தலைகளை எண்ணாமல் லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணினேன். சின்னத் தப்பு என்றுதான் முதலில் எழுதினேன். 'சின்ன' என்பதை அடித்துவிட்டேன்.

தீவின் ஒரு பாதி ராணுவத்துடையது. பழைய பீரங்கி மேடைகள், முள்வேலி, சுடும் பயிற்சித் திடல். மறுபாதியில் மாலை நான்கு மணி வரை யாரும் குளிக்கலாம், பந்து விளையாடலாம். நான்கானால் சிவப்புக் கொடி ஏறும். பிறகு கரையிலிருக்கும் ராணுவ முகாமின் அனுமதி இல்லாமல் படகு போகக்கூடாது. ஐந்துக்குச் சுட ஆரம்பிப்பார்கள்.

போகிறவர்களையும் திரும்புகிறவர்களையும் படகுத்துறையில் சரிபார்ப்பது என் வேலை. ஆளை நிறுத்தி எண்ண வேண்டும் என்பது விதி. ஆள் நிற்பதில்லை, ஜாக்கெட் நிற்கும். அதனால் இங்கே எல்லோரும் குவியலைத்தான் எண்ணுவார்கள். முப்பத்துநாலு போனது, முப்பத்துநாலு வந்தது. ஏட்டில் எண்ணைக் குறித்தேன்.

கொடி ஏறிய பிறகு ஓர் அம்மா வந்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் எங்க? கடைசிப் படகுல வர்றேன்னாரே?"

"எல்லாரும் வந்தாச்சும்மா. ஜாக்கெட் சரியா இருக்கே."

"அவரோடத நான்தான் முதல் படகுலயே கொண்டு வந்துட்டேன். புழுங்குதுன்னு கழட்டிக் குடுத்துட்டு பீரங்கியைப் பாக்கப் போனாரு."

முகாமுக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

"நீ அடிச்சிக்கிட்டே இரு. அதுக்குள்ள அந்த மனுஷன் சல்லடை ஆயிடுவாரு" என்று படகோட்டி அண்ணன் கயிற்றை அவிழ்த்தார்.

அரை மணியில் கூட்டி வந்துவிட்டார். அந்த அம்மாவின் கணவர் மேடை நிழலில் கண்ணசந்துவிட்டாராம்.

"வீட்ல தூங்குறது பத்தலையா? பீரங்கிக்குத் தாலாட்டா?" என்று அந்த அம்மா அழுதுகொண்டே திட்டினார்.

பின்னாலேயே ரோந்துப் படகு வந்தது. கொடிக்குப் பின் போனதற்காக அண்ணனின் பெர்மிட்டைப் பறித்துக்கொண்டு சார்ஜென்ட் கேட்டார்: "எண்ணுனது யாரு?"

"நான்தான் சார்" என்றார் அண்ணன்.

நான் குனிந்து ஜாக்கெட்டுகளை அடுக்கினேன்.

அவர்கள் போனதும், "ஏண்ணே?" என்றேன்.

"நீ வந்து மூணு மாசம்தான் ஆகுது, தூக்கிடுவாங்க. என்னைத் திட்டிட்டு விட்டுருவாங்க, போடா."

விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். பெர்மிட் இல்லாவிட்டால் படகு கரையில் கிடக்கும். அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. வேலைக்குப் பின் நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. கண் எரிகிறது.

அண்ணன் மீதான விசாரணை நாளை பத்து மணிக்கு முகாமில். அதற்கு முன், எட்டரைக்கே அதன் வாசலில் நின்று, எண்ணியது நான் என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டும்.