தொங்கவிட்டு முறுக்கிய போல்ட்

மெக்கானிக்குகளுக்குள் அவனுக்குப் பெயர் கிளிக். அளவு பார்த்து முறுக்குகிற ஸ்பானர் ஒன்று உண்டு. வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று ஒரு சத்தம் கொடுத்து, போதும் விடு என்று சொல்லிவிடும். மற்றவர்கள் கைக்கணக்கில் முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகிற இடத்தில், இவன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அந்தச் சத்தம் கேட்டால்தான் நகருவான். கேட்டதும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பான். போல்ட் மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பதினேழு வருஷத்தில் அவன் முறுக்கியது ஒன்றுகூடக் கழன்றதில்லை. இதை அவனே சொல்வான். கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

அப்பேர்ப்பட்டவன் கைவைத்த ஒரு கார் நான்கு மாதமாக அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் தங்கை புருஷனுடைய கார்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கீழேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வாழ்நாளில் அவர் செய்த ஒரே அடாவடி, பழையதாக வாங்கிய அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான். வாங்கிய கையோடு மச்சானிடம் கொண்டுவந்து, தரையை ஒட்டினாற்போல் இறக்கித் தரச் சொன்னார். கிளிக் குட்டை ஸ்பிரிங் வரவழைத்து இரண்டு அங்குலம் இறக்கிக் கொடுத்தான். வெளியே நின்று பார்க்க வண்டி லட்சணமாகத்தான் இருந்தது. உள்ளே உட்கார்ந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். ரோட்டில் கிடக்கிற தீக்குச்சிமேல் ஏறினாலும் இடுப்புக்குத் தெரிந்தது. ஒரு மேட்டைத் தாண்டினால் அடுத்த திருப்பம் வரைக்கும் குதித்துக்கொண்டே போனது.

முதல் தடவை வந்து சொன்னபோது, இறக்கின வண்டி அப்படித்தான் இருக்கும் என்று கிளிக் அனுப்பிவிட்டான். அடுத்த தடவை டயரில் காற்றைக் குறைத்தான். பிறகு ஷாக் அப்சார்பர் நான்கையும் புதிதாக மாற்றினான். அதற்கப்புறம், வண்டி அமுங்கும்போது அடி வாங்கிக்கொள்கிற ரப்பர் கட்டைகளைக் குட்டையாக வெட்டினான். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்ததே தவிர குதிப்பு நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் மாப்பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, ஆசைப்பட்டவர்தான் அனுபவிக்க வேண்டும் என்று அவருக்கே புத்தி சொல்லிவிட்டு வந்தான். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டவள் தங்கை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. பதினொரு வருஷம் கழித்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய கிளையில் லேபுக்கே பொறுப்பாளராக வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் நேரடியாக பஸ் எதுவும் போகாது. மாப்பிள்ளைக்கு வார நாட்களில் கார் தேவையில்லை என்பதால் அவள் ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. பிள்ளை பெற்றதிலிருந்து அவளுக்கு முதுகு சரியில்லை. ஒருநாள் வெள்ளோட்டம் பார்ப்போம் என்று அந்த ரோட்டில் போய்விட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு மணி நேரம் தரையில் மல்லாந்து கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு போன் செய்தாள். "அண்ணா, இது சரியாகுமா ஆகாதா, ஒண்ணு சொல்லிடு. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் பதில் எழுதிக் குடுக்கணும்."

சரி பண்ணிவிட்டுத்தான் மறுவேலை என்றான் கிளிக். ஆனால் கைவசம் வேறு வண்டிகள் இருந்தன. தங்கைதானே, எங்கே போய்விடப் போகிறாள் என்று மூன்று நாள் தள்ளிப்போட்டு வியாழக்கிழமைதான் வண்டியை வரச்சொன்னான்.

வியாழன் காலை மாப்பிள்ளை வண்டியை விட்டுவிட்டுப் போனதும் அதை இயந்திரத் தூக்கியில் ஏற்றி, நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, டார்ச்சோடு அடியில் நுழைந்தான். அவன் இழுத்த மஞ்சள் கோடுகள் வரிசையாக இருந்தன. பின்பக்கம் இடது சக்கரத்துக்கு வந்ததும் டார்ச் நின்றது. அங்கே கோடு பிரிந்திருந்தது. போல்ட்டின் தலையில் ஒரு துண்டு, ஒரு விரற்கடை தள்ளி இரும்பில் மறு துண்டு.

கிளிக்குக்குச் சுர்ரென்று ஏறியது. நம் வண்டியில் வேறு எவனோ கைவைத்திருக்கிறான். அடுத்த பட்டறைக்குப் போய்விட்டு ஒன்றும் தெரியாத பூனை மாதிரி இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார் மாப்பிள்ளை. அந்த எவனோ என்ன குளறுபடி செய்து வைத்திருக்கிறான் என்று பார்க்க, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையின் முனையில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். நடுவில் போகிற போல்ட்டை இறுக்கியதும், அந்த நிமிஷம் எப்படி இருக்கிறதோ அப்படியே ரப்பர் பிடித்துக்கொள்ளும். இப்போது சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்க, இடது பக்கத்து ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்றது. வலது பக்கத்தது ஒரு சுருக்கம் இல்லாமல் நிம்மதியாக இருந்தது. இருக்கவேண்டியது நேர்மாறாக. தொங்கும்போது நிம்மதியாக இருக்கிற ரப்பர், வண்டி தரையில் ஊன்றியதும் முறுக்கிக்கொண்டு, விடாமல் வண்டியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கூப்பிடாமல் வந்த ஐந்தாவது ஸ்பிரிங் அது.

எவனோ ஒருவன் தொட்ட அந்த ஒரு போல்ட்தான் சரியாக இருந்தது. கிளிக் முறுக்கிய மற்ற பத்தும் தப்பு.

இது தெரியாதவன் இல்லை அவன். ரப்பர் உள்ள போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அன்றைக்கு மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிளிக்குக்கும் 'அடேயப்பா' என்று தலையாட்டினார். அந்த உற்சாகத்தில் பதினொன்றையும் தூக்கியில் வைத்தே முறுக்கி, பதினொரு கோடும் இழுத்து, வண்டியை இறக்கிக் கொடுத்துவிட்டான். நான்கு மாதம் டயரைச் சொன்னான், ஷாக் அப்சார்பரைச் சொன்னான், ஆசையைச் சொன்னான். கோடு போட்ட இடத்தை மட்டும் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு கிளிக் மாப்பிள்ளைக்கு போன் போட்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கூப்பிட்டதும் மாப்பிள்ளை கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். பிரிந்திருந்த கோட்டைக் காட்டியதும் அவர் முகம் வெளுத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வேறொரு பட்டறைக்குக் காட்டப் போயிருந்தார். அங்கே வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்தி மறுபடி முறுக்கிக் காட்டியிருக்கிறார்கள். முதலில் வேலை செய்தவர் எல்லாவற்றையும் தொங்கவிட்டு முறுக்கியிருக்கிறார், மீதியையும் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்.

"ஏன் மாப்ளை, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பொண்ணு குடுத்த வீட்டு ஆளு நீங்க. உங்க வேலையில தப்புன்னு நான் எந்த வாயால சொல்றது மச்சான்? நீங்களே எப்படியும் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு இருந்துட்டேன்."

கிளிக் எழுந்து தூக்கியின் பக்கம் போனான். வண்டியை இறக்கி, நான்கு சக்கரத்துக்கும் கீழே பலகை அடுக்கி, அதன் பாரம் முழுக்க அதன் கால்களிலேயே நிற்க, மல்லாந்து உள்ளே நுழைந்தான். ஒவ்வொரு போல்ட்டும் தளரும்போது முனகிக்கொண்டே அந்த இரும்புக் கை தானாகத் திரும்பி உட்கார்ந்தது. பத்தையும் தளர்த்திவிட்டு வெளியே வந்து பார்த்தால், வண்டி இன்னும் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. மறுபடி முறுக்கினான். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. ஓட்டிப் பார்த்ததில் வண்டி மேட்டில் ஏறி, ஒரு தடவை அமுங்கி, சமர்த்தாக நின்றது.

ஏதோ ஒரு பாகம் பழுது என்று தங்கையிடம் சொல்லிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. வீணாக அவள் மனசைக் கெடுப்பானேன் என்பது அவர் கட்சி. கிளிக் சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து தங்கை நேரே பட்டறைக்கு வந்தாள். மாப்பிள்ளை அங்கேயே இருக்க, அண்ணன் பக்கத்தில் உட்கார, அவள் ஓட்டினாள். குண்டும் குழியுமான ஒரு தெருவாகப் பார்த்துத்தான் திருப்பினாள். இரண்டு முறை அதிலேயே போய்வந்தாள். முதலில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

"என்னதான் ஆச்சு இதுக்கு?" என்று கேட்டாள்.

பழுதான பாகம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இந்த நான்கு மாதத்தில் அவன் சொன்ன காரணங்களையெல்லாம் நம்பியவள் இவள் ஒருத்திதான். அவளிடம் இன்னொன்றையும் அவிழ்த்துவிட அவனுக்கு மனசு வரவில்லை. தொங்கவிட்டு முறுக்கியதைச் சொன்னான். படம் பிடித்ததில் தலைகால் புரியாமல் போனதையும் சேர்த்துச் சொன்னான்.

அவள் கோபப்படவில்லை. "போகட்டும் விடு. நீயும் மனுஷன்தானே," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், எப்போது தெரிந்தது என்று கேட்டாள். இன்றைக்குக் காலையில் என்றான்.

"அவருக்கு?"

அவள் எப்படி அந்தக் கேள்விக்கு வந்தாள் என்று அவனுக்குப் புரியவில்லை. கட்டிய புருஷனின் முகத்தைப் பட்டறை வாசலில் பார்த்திருப்பாள்.

"மூணு வாரமா."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். முன்கண்ணாடி வழியாக எதிரே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். முதுகு முடியலை, வேற யாருக்காவது குடுங்கன்னு. இன்னைக்கு மத்தியானமே வேற ஒருத்தி பேரைப் போட்டுட்டாங்க."

வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருந்ததே என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். அதைக் கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

"உன் மரியாதையை அவர் பாத்தாரு. அவர் குடுத்த பெருமையை நீ பாத்தே. என் முதுகை யாரு பாத்தீங்க?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது கிளிக்குக்கு. அவள் திட்டவில்லை. கொஞ்ச தூரம் தனியாக ஓட்டிவிட்டு வருகிறேன், இறங்கிக்கொள் என்று மட்டும் சொன்னாள். அவன் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினான். கார் சத்தமில்லாமல் போய்த் திருப்பத்தில் மறைந்தது.

பட்டறைக்கு நடந்தே வந்தான். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காரையும் காணோம், பெண்டாட்டியையும் காணோம் என்பதைக்கூட யோசிக்காமல் முகம் மலர எதிரே வந்தார்.

"எப்படி மச்சான், அவளுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"பிடிச்சிருந்துச்சு மாப்ளை," என்றான் கிளிக்.