இரவல் போன ஆள்

டில்லிபாபுவுக்கு வயது இருபத்தேழு. வேறு வேலையென்றால் வாலிபன். ஃபோனில் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவர்கள் நடுவில் அவன் கிழவன். விரல் முன்னைப் போல ஓடவில்லை என்பது அவனுக்கே தெரியும். மற்றவர்களுக்கும் தெரிவதற்குள் ஒரு பெரிய கோப்பையின் மேடையில் ஒருமுறை உட்கார்ந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. இந்த வருடம் இடமும் கிடைத்தது. கிடைத்ததைத் தன் விரலாலேயே தொலைத்தான்.

தி.நகரில் ஒரு சந்துக்குள் அவனுக்கு ஃபோன் ரிப்பேர் கடை. கடைக்கு மேலே ஒரு அறை, அதில் ஒரு ஃபேன், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் டீம். பட்டினப்பாக்கத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது: டில்லிபாபு, நிலா, பிரபு, கருணாகரன். நாலு பேருமாக லீக் ஆடி, ஜெயித்து, இறுதிச் சுற்றுக்கு இடம் பிடித்தார்கள். பிடித்த மறுவாரமே கருணாகரனை மும்பை டீம் ஒன்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. போகிறவன் ஒரு வார்த்தை சொன்னானா? குரூப்பில் கும்பிடு போட்டுவிட்டு வெளியேறினான். இந்த உலகத்தில் அதுதான் விடைபெறுவது. அவன் நாற்காலியில் ஆதம்பாக்கத்து ஜவஹர் வந்து உட்கார்ந்தான்.

அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆட்டம் நடத்துகிற கம்பெனிக்காரன் ஒரு கணக்கு வைத்திருந்தான். ஜெயித்த இடம் டீமுக்குத்தான் சொந்தம். ஆனால் டீம் என்றால் பேரும் இல்லை, சட்டையும் இல்லை. ஜெயித்த நாலு பேரில் மூன்று பேராவது இருக்க வேண்டும். இருந்தால் இடம் உண்டு. இல்லையென்றால் அடுத்தவனுக்குப் போய்விடும். டில்லிபாபுவிடம் மூன்று பேர் இருந்தார்கள்.

அப்போதுதான் மயிலாப்பூர் சாய்சரண் கூப்பிட்டான். அவன் டீம் லீக்கில் தோற்றுப்போய், கடைசி வாய்ப்புச் சுற்றுக்கு நின்றுகொண்டிருந்தது. அன்று காலை பார்த்து அவன் ஆள் ஒருவன் வேறு டீமுக்குத் தாவிவிட்டான்.

"பாபு, ஒரே ஒரு ஆள் குடுடா. இல்லேன்னா ஆடாமலே வெளியில போயிடுவோம்."

"பிரபுவ அனுப்புறேன் மச்சி. இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"

பட்டினப்பாக்கம் மணலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் வேறு என்ன சொல்வான்? அங்கே எதிர் டீமுக்கு ஆள் குறைந்தால் நம் ஆளில் ஒருவனைக் கொடுப்பது வழக்கம். கொடுக்கப்பட்டவன் அந்தப் பக்கம் போய் முழு மூச்சாக ஆடுவான். ஆட்டம் முடிந்ததும் செருப்பை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவான். யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். பிரபுவை விடுவிக்கலாமா என்று கம்பெனியிடமிருந்து டில்லிபாபுவின் ஃபோனுக்குக் கேள்வி வந்தது. கூடவே இங்கிலீஷில் நீளமாக ஏதோ விதி. அவன் சரி என்று அமுக்கிவிட்டு, ஒரு உடைந்த ஸ்கிரீனைக் கழற்றப் போய்விட்டான்.

பிரபு போய் ஆடினான். சாய்சரண் டீம் ஜெயித்தது. அதுவும் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. டில்லிபாபு எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

இரண்டு நாள் கழித்து நிலா படியேறி வந்தாள். துணிக்கடையில் பில் போடுகிற பெண். எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்கிறவள். ஃபோனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாண்ணா, படிக்காமயே அமுக்கிட்டியா?"

"இன்னா போட்டுகீறான்?"

"கடைசி வாய்ப்பு சுத்துல யாருக்கு ஆடுனானோ, கோப்பை முடியற வரைக்கும் அவன் அந்த டீம் ஆளாம். அந்த டீம் எடத்த வுட்டுக் குடுத்தாதான் திரும்பி வர முடியுமாம். இப்ப நம்மகிட்ட பழைய ஆளு நீ, நானு, ரெண்டே பேரு. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடுத்துகீறான்."

டில்லிபாபு கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு மயிலாப்பூருக்கு வண்டியை விட்டான்.

சித்திரக்குளம் பக்கத்தில் இரண்டாவது மாடி வீடு. கதவைத் திறந்தது சாய்சரண். அவன் முகத்தைப் பார்த்ததுமே, விஷயம் இவனுக்கும் தெரியும் என்று டில்லிபாபுவுக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தும் கூப்பிடவில்லை.

"வா பாபு. நானே உன்னப் பாக்க வரணும்னு நெனச்சுண்டிருந்தேன்."

"நெனச்சுக்கினே இருந்தியா?"

உள் அறையில் பிரபு உட்கார்ந்திருந்தான். காதில் ஹெட்போன். யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். "இடது பக்கம் ஏறு. நான் சொல்ற வரைக்கும் சுடாத." டில்லிபாபு அந்தக் குரலை இதற்கு முன் கேட்டதில்லை. இரண்டு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன்.

சாய்சரணின் அம்மா கோமளம் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. "இந்தப் பிள்ளைதானே ஆள் குடுத்து ஒதவினது? அதுக்கு இப்போ ஏதோ சங்கடமாமே?" என்று மகனைப் பார்த்தாள்.

சாய்சரண் தரையைப் பார்த்தான். "பாபு, நீ குடுத்த ஆள். நீ வாய்விட்டுக் கேட்டா நாங்க எடத்த விட்டுடறோம். எங்க டீம் ஸ்ரீரங்கன் என்னைக் கொன்னு போடுவான், ஆனா நான் சொல்லிக்கறேன்."

மனசாரச் சொன்னானா, அம்மா நிற்கிறாளே என்று சொன்னானா, யார் கண்டது? ஆனால் சொல்லிவிட்டான். டில்லிபாபு கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்டால் மேடை அவனுக்கு.

உள்ளே எட்டிப் பார்த்து, "பிரபு, கெளம்புடா" என்றான்.

பிரபு ஹெட்போனைக் கழற்றினான். "எங்கண்ணா?"

"எங்கயா? நம்ம டீமுக்கு."

"குடுக்கச் சொல்லோ என்னைக் கேட்டியாண்ணா?"

"இன்னாடா பேச்சு இது?"

"இல்ல, கேட்டியா? அவன் கேட்டா குடுக்குற, வோணும்னா புடுங்கிக்கினு போற. நான் இன்னா, கிரிக்கெட் பேட்டா?"

"மூஞ்சில குத்துவேன். யாராண்ட ஆட்டம் கத்துக்கினு வந்து யாராண்ட பேசுற?"

"குத்து. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நம்ம ரூம்ல ரெண்டு வருசமா எனக்கு இன்னா வேலை? 'பிரபு, பின்னாடி நில்லு. பிரபு, மருந்து போடு. பிரபு, உன் துப்பாக்கிய எனக்குக் குடு.' இங்க நான் சொல்றேன், மத்தவங்கோ கேக்குறாங்கோ. ஜெயிச்சோம் இல்ல? எவன் சொல்லி ஜெயிச்சோம்னு நெனக்கிற?" அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீ கூப்ட்டா வந்துடுவேண்ணா. வர மாட்டேன்னு சொல்லல. இங்கயே இருக்கணும்னு ஆசையா கீது, அதைத்தான் சொன்னேன்."

கோமளம் காபியைக் காட்டி, "ஆறிடப் போறது" என்றாள்.

டில்லிபாபு குடித்தான். நல்ல காபி, அவனுக்கு ருசி தெரியவில்லை. பதினைந்து வயதில் அவனையும் இப்படி ஒருநாள் இரவல் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் போய் முதல் ஓவரிலேயே தன் கேப்டன் சேட்டுவின் ஸ்டம்பைப் பிடுங்கினான். அன்றைக்குத்தான் தனக்குப் பந்து போட வரும் என்று அவனுக்கே தெரிந்தது. சொந்த டீமில் அதுவரை பந்தைப் பொறுக்கிப் போடுகிற வேலைதான். சேட்டு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான், சிரித்தான், ஆனால் ஆட்டத்தின் நடுவில் திரும்பக் கூப்பிடவில்லை. மணலில் யாரும் அப்படிச் செய்ததில்லை. இந்த ஆட்டம் எப்போது முடிகிறது? கோப்பை முடியும்போது. அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

டம்ளரை வைத்தான். கேட்க வேண்டிய வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வந்தது வந்தபடி நின்றது.

"சரி, வரேன்" என்றான்.

சாய்சரண் வாசல் வரை வந்தான். "பாபு, நீ கேக்கவே இல்லயே."

"கேக்கல. போய் ஆடு. அவன பின்னாடி நிக்க வைக்காத."

பெருந்தன்மை என்று யாராவது நினைத்தால் தப்பு. வழியெல்லாம் அவன் எல்லோரையும் திட்டிக்கொண்டேதான் வந்தான். கம்பெனிக்காரனை, மும்பைக்காரனை, பிரபுவை, தன் விரலை. லஸ் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் திட்டினான்.

வெள்ளிக்கிழமை போயிற்று. இடம் முகம் தெரியாத ஏதோ ஒரு டீமுக்குப் போயிற்று. ஜவஹர் இரண்டு நாள் வரவில்லை. பிறகு வந்தான், வேறு போக்கிடம் இல்லாததால். மேல் அறையில் மூன்று நாற்காலியில் ஆள், ஒன்றில் சார்ஜர் ஒயர்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், மேல் அறையில் நிலாவோடு ஆட உட்கார்ந்திருந்தான். ஊர் டீம்கள் எல்லாம் இருக்கிற குரூப்பில் அடையாறு டீம் ஷாகிரா போட்டிருந்தாள்: 'பிராக்டிஸுக்கு ஒரு ஆள் கம்மி. யாராவது குடுங்கப்பா.'

டில்லிபாபுவின் விரல் பழக்கத்தில் ஓடியது. 'நிலாவ அனுப்புறேன்' என்று அடித்தாகிவிட்டது. அனுப்பவில்லை. அடித்ததை அழித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினான்.

"நிலா, ஷாகிராவுக்கு ஆள் வோணுமாம். போறியா?"

நிலா ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"போறியா, இல்லியா?"

"போவல. இங்க யாரு முன்னாடி நிக்கப் போறதுன்னு சொல்லு மொதல்ல."

அவன் ஃபோனை எடுத்து, 'ஆள் இல்ல' என்று அடித்து அனுப்பினான். அந்தக் குரூப்பில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நீ நில்லு" என்றான். "மருந்து நான் எடுத்துக்கினு வரேன்."